உப்புப் பார்க்காத வீடு

1

நாற்பது வயதில் எனக்கு வெங்காயம் வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுத்தவருக்கு இருபத்தெட்டு வயது. பெயர் கைல். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, 'செஃப்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் எதைச் சொன்னாலும் வகுப்பே சேர்ந்து 'யெஸ், செஃப்' என்று கத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பதினான்கு வருடம் முகாமைத்துவ உதவியாளராக இருந்த நான், ஒரு பணிப்பாளருக்குக்கூட அப்படிப் பதில் சொன்னதில்லை. முதல் கிழமை முழுவதும் வெங்காயத்தை அரைச் சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினோம். செஃப் ஒரு அடிமட்டத்தைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார். சதுரத்துக்குள் அடங்காத வளைவெல்லாம் குப்பைக்குப் போனது. வெங்காயம் உருண்டையாக விளைகிறது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்தச் சஞ்சிகையில் இதை வாசிக்கிற ஊர்க்காரரில் பலர் நான் கனடாவில் விருந்தோம்பல் முகாமைத்துவம் படிப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். மானிப்பாயில் தேவாலய வாசலில் நின்று அப்பா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். மகள் சமைக்கப் படிக்கிறாள் என்று சொல்வதைவிடப் பொய் பரவாயில்லை என்று முடிவுக்கு வந்திருக்கிறார். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது சமையல். இரண்டு வருட டிப்ளோமா. ஒன்ராறியோவின் வடக்கில், எட்டு மாதம் பனி கிடக்கிற ஒரு நகரத்தில், ஒரு தனியார் கல்லூரியில்.

இந்தப் படிப்பை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஆலோசகர்தான் தேர்ந்தெடுத்தார். என் பட்டத்தையும் வயதையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"அக்கா, உங்கடை வயசுக்கு வேற ஒண்டும் சரிவராது. சமையல் எண்டால் கேள்வி கேக்காமல் குடுப்பினம். உங்களுக்கு அதென்ன புதுசே?"

இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு முட்டைகூடப் பொரித்திருக்க மாட்டார்.

ஆனால் விஷயம் இதுதான். நான் படிக்கும்வரை எனக்குக் கல்வி அனுமதி. என் அனுமதியில் தொங்கிக்கொண்டு என் கணவர் டானியலுக்கு வேலை அனுமதி. எங்கள் இருவரிலும் தொங்கிக்கொண்டு ஒன்பது வயது மகள் ரூத்துக்குப் பள்ளிக்கூடம். படிப்பை முடித்தேன் என்று கல்லூரி ஒரு கடிதம் தந்தால்தான் அடுத்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கடிதம் இல்லாவிட்டால் மூவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த டானியல், இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். ரூத் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறாள். இவ்வளவும் நான் கோழி பொரிப்பதில் தங்கியிருந்தது.

2

காலை ஆறு மணிக்கு பஸ். தோளில் கத்திப் பை. கல்லூரிச் சமையலறை வாசலில் நகம் பார்ப்பார்கள், தலைவலை பார்ப்பார்கள், நகை கழற்றச் சொல்வார்கள். மோதிரத்தைக் கழற்றினேன். தாலியையும் கழற்றச் சொன்னபோது மாட்டேன் என்றேன். மூன்று மின்னஞ்சல் அனுப்பி, ஒரு படிவமும் நிரப்பிய பிறகு, 'மத அடையாளம், சட்டைக்குள் ஊசி குத்தி வைக்க அனுமதிக்கப்படுகிறது' என்று கடிதம் வந்தது. தாலியைப் பற்றிய கடிதம் மூன்று நாளில் வந்துவிட்டது. மற்ற எந்தக் கடிதத்துக்கும் அலுவலக மேசைக்குப் போனால் இணையத்தில் பார் என்பார்கள், இணையத்தில் பார்த்தால் மேசையில் கேள் என்று எழுதியிருக்கும்.

ஒருவருக்குப் பின்னால் போகும்போது 'பின்னால்!' என்று கத்த வேண்டும். சூடான சட்டியோடு போனால் 'சூடு!' என்று கத்த வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் 'சொறி' என்றுதான் சொன்னேன். முதல் மாதத்தில் இரண்டு பேர் என்னில் மோதினார்கள்.

ஒரு கிழமை 'உலக உணவு' வந்தது. அதில் ஒரு நாள் 'கறி'. செஃப் ஒரு பேணியைத் திறந்து மஞ்சள் நிறத் தூளை எடுத்தார். அதோடு அப்பிள் பழமும் திராட்சை வற்றலும் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, 'உனக்கு இது வீட்டு ஞாபகத்தைத் தரும்' என்றார். எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது உண்மைதான். எங்கள் வீட்டு நாய்க்கு வைக்கும் சோறு ஞாபகம் வந்தது.

இப்படி எல்லாவற்றையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. ருசி பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ருசி பார். ஒவ்வொரு தரமும் புதுக் கரண்டி எடு, வாயில் வை, கழுவப் போடு. செஃப் இதைச் சொல்லாத நாள் இல்லை.

எங்கள் வீட்டில் சமைக்கிறவர் உப்புப் பார்ப்பதில்லை. அயல் வீடுகளில் சொதியைக் கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அது அருவருப்பு. அம்மா முப்பது வருடம் ஞாயிறு பாடசாலை நடத்தியவர். அப்பா மேசைத் தலைப்பில் இருந்து செபம் சொல்லி, எல்லோரும் 'ஆமென்' சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் யார் வாயிலும் ஒரு பருக்கை போகலாம். சமைக்கிறவருக்கும் அதுதான் சட்டம். பன்னிரண்டு வயதில் நான் ஒருநாள் உள்ளங்கையில் சொதி விட்டு நக்கினேன். அம்மா கண்டுவிட்டார்.

"நக்கிப் பாத்துச் சமைக்கிறதுக்கு நாயே போதும்" என்றார். "மூக்கு இருக்கு, கை இருக்கு. உனக்கு நாக்கு என்னத்துக்கு?"

அன்றிலிருந்து நான் மூக்காலும் கையாலும் சமைக்கிறேன். கொதி வருகிற மணத்தில் உப்புத் தெரியும் என்பது அம்மாவின் கட்சி. என் கட்சியும் அதுதான். ஆகவே கல்லூரியில் நான் இரண்டு வருடம் நடித்தேன். கரண்டியை எடுப்பேன், வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவேன், முகத்தைத் திருப்பித் தொட்டிக்குள் ஊற்றிவிடுவேன். நாலு பேராகச் சேர்ந்து சமைக்கிற குழுவில் உப்புப் போடுவது வேறு யாராவதாக இருக்கும். கேக், பாண் சுடுகிற வகுப்பில் உப்பும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். ஆகவே நான் பிடிபடவில்லை.

வீட்டில் ரூத்தோடு வேறு பிரச்சினை. வந்து ஆறு மாதத்தில் அவள் என் சமையலைத் தொடுவதை விட்டுவிட்டாள். புட்டு வைத்தால் மூன்று வாய். கறி வைத்தால் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பாள். பள்ளிக்கூடத்தில் தருகிற, எந்தச் சுவையும் இல்லாத மக்கரோனியைப் பற்றி மட்டும் ஆசையாகக் கதைப்பாள். பிள்ளை கைநழுவிப் போகிறாள், பாஷை போகமுதல் நாக்குப் போய்விட்டது என்று அம்மாவிடம் தொலைபேசியில் அழுதேன். அம்மா அதைத் தேவாலயத்தில் சொல்ல, ஒரு ஞாயிறு 'அந்நிய தேசங்களில் வழிமாறும் எங்கள் பிள்ளைகளுக்காக' என்று விண்ணப்பமே வைத்துவிட்டார்கள். மானிப்பாயில் ஒரு தேவாலயம் முழுக்க முழங்காலில் நின்றது, ரூத் புட்டுச் சாப்பிட வேண்டும் என்று.

3

இறுதிச் செய்முறைப் பரீட்சை தனித்தனி. மூன்று மணி நேரம். ஒரு சூப், ஒரு கோழி, உருளைக்கிழங்கும் கீரையும். வெளியிலிருந்து ஒரு பெண் பரிசோதகர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற சமையல்காரர், அறுபது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். செஃப் பத்துப் பேரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு திரிய, இந்த மனுஷி என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கண்ணுக்கு முன்னால் கரண்டி நாடகம் எடுபடாது என்று தெரிந்தது. ஆகவே நடிக்கவும் இல்லை, ருசி பார்க்கவும் இல்லை. அம்மா மாதிரியே மணத்தில் சமைத்தேன். என் கோழி பொன் நிறத்தில் இருந்தது. பக்கத்து மேசைப் பெடியனுடைய கோழி ஒரு பக்கம் கருகி இருந்தது. அவன் பரீட்சையில் சித்தியடைந்தான்.

எனக்குத் தந்த தாளில் இரண்டு வரி. 'மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட ருசி பார்க்கவில்லை. மூன்று உணவிலும் உப்பு மிக அதிகம்.' கீழே, சித்தியில்லை.

செஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'நீ வாயில் வைத்துப் பார்க்காததை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பாய்?' என்று கேட்டார். உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். இன்னொருவருக்குக் கொடுக்கப்போகிறதில் நான் எப்படி வாய் வைப்பேன் என்று எனக்கும் உண்மையிலேயே விளங்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் காட்டுமிராண்டி என்று நினைத்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு கிழமையில் மறுபரீட்சை. ஒரே ஒரு தடவைதான். அதிலும் தவறினால் கடிதம் இல்லை. அனுமதி முடிய ஐந்து கிழமை இருந்தது.

பஸ்ஸில் வரும்போது எனக்குப் பயத்தைவிட இளக்காரம்தான் கூடுதலாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த நாக்குகள், உப்பைப் பற்றி எனக்குத் தீர்ப்புச் சொல்கின்றன என்று நினைத்தேன்.

4

பரீட்சைச் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்கள். அன்று பின்னேரம் அதைச் சூடாக்கி மேசையில் வைத்தேன். டானியல் செபம் சொன்னார். மூவரும் சாப்பிடத் தொடங்கினோம்.

"இஞ்சேருங்கோ" என்றேன். "இந்தக் கோழியில உப்புக் கூடவோ?"

அவர் கோழியைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்கோ எண்டு நான் கேக்கேல்லை. உப்புக் கூடவோ எண்டு கேட்டனான்."

"செபம் சொல்லியாச்செல்லே."

இதையும் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டும். செபத்துக்கு முதல் ருசி பார்க்கக்கூடாது என்பது எங்கள் சட்டத்தில் பாதிதான். செபத்துக்குப் பிறகு குறை சொல்லக்கூடாது என்பது மற்றப் பாதி. நன்றி சொல்லி வாங்கிய சாப்பாட்டில் பிழை பிடிப்பது கர்த்தரிடமே பிழை பிடிப்பது என்று அப்பா சொல்வார். டானியலும் அதே மாதிரி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான்.

"செபத்தை விடுங்கோ" என்றேன். "அவை என்னைப் பெயில் விட்டிட்டினம். எல்லாரும் ஊருக்குப் போற நிலைமை வரப்போகுது. உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் கையிலிருந்த முள்ளுக்கரண்டியைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

"கொஞ்சம் கூடத்தான்."

"இண்டைக்கு மட்டுமோ?"

அவர் தண்ணீர்த் தம்ளரை எடுத்தார். ரூத் சொன்னாள்.

"எவ்ரி டே, அம்மா."

"புட்டும்?"

"புட்டும்."

"சொதி?"

"சொதிதான் வேர்ஸ்ட்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

நான் டானியலைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கலியாணம் கட்டின கிழமையே தெரியும்" என்றார். மிகவும் மெதுவாகச் சொன்னார். "பிறகு பழகீட்டுது."

எனக்கு முதலில் வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினைந்து வருடம் ஒரு மனிதன் என் முன்னால் இருந்து உப்புக் கரைசலைச் சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் கை கழுவிக்கொண்டு போயிருக்கிறார். அதற்குப் பெயர் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இளக்காரமாக எறிந்து கதைத்த எல்லாரும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார்கள். செஃப், கண்ணாடிக்கார மனுஷி, உள்ளங்கையை நக்கிய அயல் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய சோறும் கறியும் என்னுடையதைவிட நன்றாக இருந்திருக்கும். தேவாலயம் முழுக்க முழங்காலில் நிற்க வைத்தேனே, அந்தப் பிள்ளை வழிமாறவில்லை. அவளுக்குத் தாகமாக இருந்திருக்கிறது. வெட்கம் அப்போதுதான் வந்தது. எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

5

அடுத்த நாள் முதல் ரூத் பள்ளிக்கூடத்தால் வந்ததும் குசினி மேசையில் ஏறி உட்கார்ந்தாள். கையில் கரண்டி. நான் சமைப்பேன், அவள் ருசி பார்ப்பாள். செபத்துக்கு முதல். டானியல் அந்த நேரத்தில் முன்னறைக்குப் போய்த் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார்.

"இன்னும் உப்புக் கூடத்தான், அம்மா."

"இப்பவோ?"

"ம்ம், ஓகே. இல்லை, இன்னும் கொஞ்சம் குறையுங்கோ."

அவள் சரி என்று சொன்னதை நான் வாயில் வைத்துப் பார்த்தேன். கழுநீர் மாதிரி இருந்தது. அங்கேதான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. ருசி பார்த்தாலும் எனக்குப் பயனில்லை, நாக்கும் கெட்டுப்போயிருக்கிறது. ஆகவே ஒரு வழி பிடித்தேன். கை எடுக்கிற உப்பில் அரைவாசியைத் திரும்பச் சாடிக்குள் போடுவேன். மிச்சத்தில் சமைப்பேன். எனக்குச் சப்பென்று இருக்கும்போது அவளுக்குச் சரியாக இருக்கும். பத்தாவது நாள் என் கத்தரிக்காய்க் கறியை அவள் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். நான் சட்டியைக் கழுவப் போனேன். நின்றால் அழுதுவிடுவேன்.

மறுபரீட்சைக்கும் அதே கண்ணாடிக்கார மனுஷி. அதே கதிரை. கரண்டியை எடுத்தேன். முப்பது வருடப் பழக்கம், வாய் திறக்க மறுக்கிறது. கடைசியில் உதட்டுக்குள்ளேயே செபம் சொன்னேன். ஒரு வரிச் செபம், ஆமென், கரண்டி வாய்க்குள். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் ஒரு செபம், ஒரு கரண்டி. மூன்று மணி நேரத்தில் குறைந்தது பதினைந்து தடவை கர்த்தருக்கு நன்றி சொன்னேன், அதுவும் லீக்ஸ் சூப்புக்காக. ஒவ்வொரு தடவையும் என் நாக்கு உப்புப் போதாது என்றது. ஒவ்வொரு தடவையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தாளில் எழுதியிருந்தது: 'தொடர்ச்சியாக ருசி பார்க்கிறார். உப்பு மிகச் சரியான அளவு. நல்ல மனஒருமைப்பாடு.'

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றுகளில் இவ்வளவு பொய்யானது வேறில்லை. கடிதம் கிடைத்தது. அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டோம். இன்னும் இங்கேதான் நிற்கிறோம்.

6

சனிக்கிழமை மானிப்பாய்க்குப் போன் எடுத்துச் சொன்னேன். அம்மாதான் எடுத்தார்.

"பாஸ் பண்ணீட்டன் அம்மா."

"சமையலில பாஸ் பண்ண என்ன கிடக்கு?" என்றார். "நான் ஆரிட்டையும் போய்ப் படிச்சனானே? உனக்கு எல்லாம் இஞ்சை நான் பழக்கி விட்டதுதானே. பொறு, அப்பா நிக்கிறார்."

அப்பா சந்தோஷப்பட்டார். டானியலைக் கேட்டார், ரூத்தைக் கேட்டார். நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அப்பா, ஒண்டு கேப்பன், மறைக்காமல் சொல்லுங்கோ. அம்மாவின்ரை கறியில உப்புக் கூடவோ?"

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம்.

"பொறு பிள்ளை, கிணத்தடிக்குப் போறன்." கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "மெல்லக் கதை. கொம்மா குசினிக்கை நிக்கிறா."

"கூடவோ அப்பா?"

"வாயில வைக்கேலாது பிள்ளை."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் கட்டின நாள் தொட்டு."

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"நான்தானே செபம் சொல்லுற ஆள்" என்றார் அப்பா.

அதன் பிறகு, சும்மா ஊர்ப் புதினம் சொல்வது மாதிரி, கிளினிக் கதையைச் சொன்னார். பிரஷர் இறங்குதில்லையாம். இந்த வருடத்தில் குளிசையை இரண்டு தரம் கூட்டிவிட்டார்களாம். வீட்டில் உப்புக் குறைத்துத்தானே சமைக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். பக்கத்தில் இருந்த அம்மா, 'எங்கடை வீட்டில எல்லாம் அளவுதான்' என்றாராம். அப்பா அங்கேயும் வாய் திறக்கவில்லை. டொக்டர் மூன்றாவது குளிசையை எழுதிக்கொடுத்தாராம்.

கணிதம் படிப்பித்த மனிதன். தன் பிள்ளைகளிலும் பிறர் பிள்ளைகளிலும் ஒரு சின்னப் பிழையைக்கூட விடாமல் சிவப்பு மையால் வெட்டிய மனிதன்.

"நீ இதை ஒரு இடமும் எழுதிப்போடாதை பிள்ளை" என்றார். "கொம்மா தாங்கமாட்டா."

எழுதமாட்டேன் என்று சொன்னேன். இருந்தும் எழுதுகிறேன். ஏனென்றால் அம்மா இந்தச் சஞ்சிகையை மரண அறிவித்தல் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் வாசிப்பார், நான் எழுதியதென்றால் இரண்டு தரம் வாசிப்பார். நேரில் சொன்னால், கனடாவுக்குப் போய் நக்கிச் சமைக்கப் பழகியவள் கதைக்கிறாள் என்று போனை வைத்துவிடுவார்.

அம்மா, அப்பாவைக் கோபிக்க வேண்டாம். அவர் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். இன்றைக்குக் கறியை இறக்குமுதல் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சரியாகத்தான் இருக்கும். அதை நம்ப வேண்டாம். அப்பாவைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு கரண்டி கொடுத்து, எப்படி என்று கேளுங்கள். செபத்துக்கு முதல் கேளுங்கள்.